தொடர்ந்து கேள்வி கேட்பவரைத் "தொல்லை மனுதாரர்" என்று ஒதுக்கிவிட முடியுமா?

காவிரிக்கரையான் (கேள்வி)

வணக்கம். ஊராட்சி, பேரூராட்சி அளவில் விடாமல் கேள்வி கேட்பவர்களைப் பற்றியது இது. எந்தப் பதவியிலும் இருக்க மாட்டார், தேர்தலில் நிற்கவும் மாட்டார். ஆனால் கிராம சபையில் எழுந்து நிற்பார், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பார், ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடுவார். ஆரம்பத்தில் பதில் வரும். நாலைந்து மனுவுக்குப் பிறகு "இவர் பெட்டிஷன் பார்ட்டி" என்று பெயர் விழுந்துவிடும். அதன் பிறகு மனுவில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. யார் கொடுத்தது என்பதை மட்டும்தான் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்தை எடுத்தாலும் இப்படி ஒதுக்கப்பட்ட சிலர் இருக்கிறார்கள்.

விவரம் தெரிந்தவர்களிடம் கேட்க விரும்புவது: ஒருவரைத் தொல்லை கொடுப்பவர் என்று சொல்லி அவர் மனுவை வாங்க மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டா? தட்டிக்கழிக்க முடியாதபடி ஆர்டிஐ எழுதுவது எப்படி? அவதூறு வழக்கு, "அரசுப் பணியைத் தடுத்தார்" வழக்கு என்று மிரட்டும்போது அதில் உண்மையான ஆபத்து எவ்வளவு? சட்டப் பிரிவு எண்களோடு சொன்னால் பலருக்கும் பயன்படும்.

---

கோப்புத்தேடி

ஆர்டிஐ பக்கத்தை மட்டும் நான் எழுதுகிறேன். வழக்கு சமாசாரத்தை வழக்கறிஞர்கள் யாராவது சொல்லட்டும்.

முதலில் ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் "தொல்லை மனுதாரர்" என்ற வகையே கிடையாது. இங்கிலாந்துச் சட்டத்தில் உண்டு. அங்கே 14-ம் பிரிவின்படி தொல்லை தரும் கோரிக்கை என்று காரணம் காட்டி மறுக்கலாம். நம் சட்டத்தில் தகவலை மறுப்பதற்கு 8, 9 ஆகிய பிரிவுகள்தான் வழி. ஒருவர் 100 மனு போட்டார் என்பது அவற்றில் ஒரு காரணமாக இல்லை. ஆனால் 2011-ல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம், வகைதொகையில்லாமல் எல்லாவற்றையும் கேட்பது நிர்வாகத்தை முடக்கும், ஊழியர்களில் 75 சதவீதம் பேர் தங்கள் நேரத்தில் 75 சதவீதத்தைத் தகவல் திரட்டுவதிலேயே செலவிடும் நிலை வரக்கூடாது என்று எழுதியது. பொதுத் தகவல் அலுவலர்கள் இந்த வரியைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தத் தீர்ப்பில் கேட்டவருக்கு விடைத்தாளைக் காட்டச் சொன்னார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். தீர்ப்பின் நகலைக் கையில் வைத்திருப்பது நல்லது.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது: "எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதிக் கொடுங்கள்." 6(2) பிரிவின்படி காரணம் சொல்லத் தேவையில்லை. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டு, 6(2) கவனத்துக்கு வந்ததும் சில நாட்களிலேயே தானாக முன்வந்து அந்தப் பத்திகளை நீக்கியது. நீக்கப்பட்டது தெரியாமல் இன்னும் பழைய பத்தியைக் காட்டுகிற அலுவலகங்கள் உண்டு.

இனி எழுதும் முறை. நிராகரிக்கப்படும் மனுக்களில் பெரும்பாலானவை கேள்வியாக எழுதப்பட்டவை. "நடுத்தெரு சாலை ஏன் ஆறு மாதத்தில் பெயர்ந்தது? இதற்கு யார் பொறுப்பு?" என்று கேட்டால் "தகவல் அல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவர்கள் செய்வது சட்டப்படி சரியும்கூட. 2(எஃப்) பிரிவில் சொல்லியிருக்கும் தகவல் என்பது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற பதிவேடு, ஆணை, அறிக்கை, மாதிரி போன்றவைதான். விளக்கம் கேட்க முடியாது, இல்லாத பட்டியலைப் புதிதாகத் தயாரித்துத் தரச் சொல்லவும் முடியாது. அதே சாலைக்கு இப்படி எழுதுங்கள்: "நடுத்தெரு சிமெண்ட் சாலைப் பணி தொடர்பான நிர்வாக அனுமதி ஆணை, தொழில்நுட்ப அனுமதியுடன் கூடிய மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், பட்டியல் (பில்) மற்றும் வவுச்சர், தரப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள்." அளவுப் புத்தகம் என்பது முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு. இந்த ஆறு ஆவணங்களும் இல்லாமல் பணம் பட்டுவாடா ஆகியிருக்கக் கூடாது. இதில் ஒன்று இல்லை என்று எழுத்தில் பதில் வந்தால் அந்தப் பதிலே ஒரு சாட்சி.

ஒரு மனுவில் ஒரு வேலை மட்டும். பத்து வருடக் கணக்கு முழுவதையும் கேட்காதீர்கள். 7(9) பிரிவைக் காட்டி, ஆட்பலம் போதாது என்பார்கள். அந்தப் பிரிவு தகவலை மறுக்க அனுமதிப்பதில்லை. கேட்ட வடிவத்தில் தர முடியாவிட்டால் வேறு வடிவத்தில் தரலாம் என்றுதான் சொல்கிறது. ஆனாலும் அந்தச் சண்டையில் ஒரு வருடம் போய்விடும்.

கட்டணம் 10 ரூபாய். நீதிமன்ற வில்லையை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) மனுவிலேயே ஒட்டிவிடுவது தமிழ்நாட்டில் எளிது. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 7(5)-ன்படி கட்டணம் இல்லை, சான்றை இணைக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் 7(6)-ன்படி நகல்களை இலவசமாகத் தர வேண்டும். 31-வது நாள் "120 பக்கத்துக்கு 240 ரூபாய் கட்டுங்கள்" என்று கடிதம் வந்தால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். தாமதத்தைச் சுட்டிக்காட்டி இலவசமாகவே கேளுங்கள். மனு தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. 6(3)-ன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றிவிட்டு உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள், அதே துறையின் மேல் அலுவலரிடம். அவர் 30 நாளில், காரணம் எழுதினால் 45 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. இங்கே நிறையப் பேர் ஒரு தவறு செய்கிறார்கள். மேல்முறையீட்டை விட்டுவிட்டு 18-ம் பிரிவில் நேரடியாகப் புகார் போடுகிறார்கள். 18-ல் அபராதம் விதிக்கத்தான் முடியும், தகவலைத் தரச் சொல்லி உத்தரவிட முடியாது என்று 2011-ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகவல் கையில் வர வேண்டுமானால் மேல்முறையீட்டுக்கான 19-ம் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும். மேல்முறையீட்டில் ஆவேசம் வேண்டாம். எந்த எண் கேள்விக்கு என்ன பதில் வந்தது, அது ஏன் தவறு, என்ன வேண்டும் என்ற மூன்றும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். மறுத்தது சரி என்று நிரூபிக்க வேண்டிய சுமை 19(5)-ன்படி அலுவலருடையது. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் 20(1)-ல் இருக்கிறது. அதைத் தனியாகக் கோர வேண்டும். கோராத மனுவில் ஆணையம் அந்தப் பக்கமே போகாமல் முடித்துவிட வாய்ப்பு அதிகம்.

கடைசியாக 8(1)(ஜே). 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உட்பிரிவைச் சுருக்கிவிட்டது. முன்பு தனிப்பட்ட தகவல் என்றாலும் பொது நலன் இருந்தால் தர வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதியிருந்தது. இப்போது "தனிப்பட்ட தகவல்" என்ற சொல்லோடு நிற்கிறது. இது பெரிய இழப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 8(2) மட்டும் அப்படியே இருக்கிறது: பொது நலன் தீங்கைவிடப் பெரிது என்றால் எந்தத் தகவலையும் தரலாம். ஆகவே காரணம் எழுதத் தேவையில்லை என்ற பொது விதிக்கு இங்கே ஒரு விலக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயனாளிகள் பட்டியல், வருகைப் பதிவேடு போன்ற, பெயர்கள் வரும் ஆவணத்தைக் கேட்கும்போது 8(2)-ஐக் குறிப்பிட்டு, இதில் பொதுப்பணம் எப்படிச் சம்பந்தப்படுகிறது என்று இரண்டு வரி சேருங்கள்.

---

ஊராட்சிக்கணக்கு

கோப்புத்தேடி அண்ணன் சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். நகல் கேட்பதைவிட நேரில் ஆய்வு கேட்பது பல நேரம் மேல். 2(ஜே) பிரிவில் பணியையும் ஆவணத்தையும் பார்வையிட, குறிப்பெடுக்க, பொருள் மாதிரி எடுக்க உரிமை உண்டு. ஆவணம் பார்க்க முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை. நகல் கேட்டால் அவர்கள் கொடுக்கும் பக்கம் மட்டும்தான் வரும். கோப்பையே பார்த்தால் பக்க எண் விட்டுப்போனது, ஒரே கையெழுத்தில் ஒரே மையில் மூன்று மாத வவுச்சர் எழுதியது, தீர்மானப் பதிவேட்டில் இரண்டு தீர்மானங்களுக்கு நடுவே வரி நெருக்கிச் செருகியது எல்லாம் கண்ணில் படும். மனுவில் "ஆய்வுக்குப் பின் நான் குறிப்பிடும் பக்கங்களின் நகல்" என்று சேர்த்துவிட்டால் இரண்டும் ஒரே மனுவில் முடியும்.

ஆர்டிஐ போடுமுன் இணையத்தில் இருப்பதைப் பார்த்துவிட வேண்டும். 15-வது நிதிக்குழு மானியத்தின் திட்டமும் செலவும் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சிவாரியாக இருக்கின்றன. 2021-26 காலத்துக்கான அந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது, 40 சதவீதம்தான் மற்ற வேலைகளுக்கு. கட்டுப்பட்ட பகுதியிலிருந்து வேறு வேலைக்குப் போயிருந்தால் அங்கேயே முதல் கேள்வி கிடைத்துவிடும். பணியின் பெயர், தேதி, தொகை ஆகியவற்றை அங்கிருந்து எடுத்து மனுவில் எழுதினால் "எந்தப் பணி என்று தெளிவில்லை" என்ற பதில் வராது.

அளப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். மதிப்பீட்டில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று இருக்கிறது என்று வையுங்கள். 100 x 3 x 0.15 என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். நீள அகலத்தை டேப் வைத்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தவறு நடப்பது பெரும்பாலும் கனத்தில்தான். 10 சென்டிமீட்டர்தான் போட்டிருக்கிறார்கள் என்றால் 30 கன மீட்டர். 15 கன மீட்டருக்கான பணம் வேலையாக மாறவில்லை. ஆனால் சாலை ஓரத்தை மட்டும் அளந்து புகார் எழுதினால் தோற்பீர்கள். பலகை அடைத்த ஓரத்தில் கனம் கூடலாம், குறையலாம். "மேற்படி சாலையில் மூன்று இடங்களில் கோர் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும்" என்று கோருங்கள். கோர் மாதிரி என்றால் சாலையைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு. மாதிரி எடுக்கும்போது உடன் இருப்பதற்கு 2(ஜே)-ஐக் காட்டலாம். சாலை போடும்போதே தேதி தெரியும்படி படம் எடுத்தவர்களுக்கு வேலை பாதி குறையும்.

கிராம சபை. இப்போது வருடத்தில் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அறிவிப்பு 7 நாள் முன்பாக வேண்டும். குறைவெண் வரம்பு (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. பல இடங்களில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து முதலில் வாங்கிவிடுகிறார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படுகிறது. கையெழுத்துப் போட்டவர் எல்லாம் அந்தத் தீர்மானத்துக்குச் சம்மதித்ததாக ஆகிவிடுகிறது. எனவே உங்கள் பொருளை வாய்மொழியாகப் பேசிவிட்டு உட்காராதீர்கள். கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்து நகலில் ஒப்புகை வாங்குங்கள். கூட்டத்தில் அதைத் தீர்மானமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தைக் கூட்டம் கலையும் முன் படம் எடுங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்மான நகலுக்கு ஆர்டிஐ போடுங்கள். படத்தையும் நகலையும் ஒப்பிட்டால் இடையில் என்ன சேர்ந்தது என்று தெரியும்.

தனியாக எழுந்து நின்றால் "இவர் எப்பவும் இப்படித்தான்" என்பார்கள். அதே பொருளில் பத்துப் பேர் கையெழுத்திட்ட கடிதத்தை, அதுவும் அந்தத் தண்ணீர்க் குழாயை நம்பியிருக்கிற தெருப் பெண்கள் கையெழுத்திட்ட கடிதத்தை அப்படிச் சொல்லித் தள்ள முடியாது.

யாருக்கு அனுப்புவது என்பதையும் கவனியுங்கள். 2025 ஜனவரி 5-ல் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். வட்டார வளர்ச்சி அலுவலரே ஊராட்சியின் தனி அலுவலராக இருக்கும்போது அவர் மீதான புகாரை அவருக்கே அனுப்புவதில் பயனில்லை. ஊராட்சிகளின் உதவி இயக்குநருக்கும் ஆட்சியருக்கும் போக வேண்டும். ஆட்சியர்தான் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர். இதைத் தவிர, 2014 சட்டப்படி உள்ளாட்சிகளுக்கான முறைமன்ற நடுவம் (ஓம்புட்ஸ்மேன்) இருக்கிறது. முறைகேடு என்று சொல்ல ஆவணம் கையில் வந்த பிறகு போக வேண்டிய இடம் அது. ஆவணம் இல்லாமல் போனால் முதல் விசாரணையிலேயே தள்ளுபடிதான்.

---

காவிரிக்கரையான்

இருவருக்கும் நன்றி. கோர் மாதிரி விஷயம் தெரியாத ஒன்று. வழக்கு மிரட்டல் பற்றி யாராவது எழுதுங்கள். குறிப்பாக, வாட்ஸ்அப் குழுவில் மனு நகலைப் போட்டதற்காக வரும் வக்கீல் நோட்டீஸ் பற்றி. பிறகு, நேரடியாகப் பொதுநல வழக்கு போட்டுவிடலாமே என்று சொல்கிறவர்களுக்கு என்ன பதில்?

---

நெடுஞ்சாட்சி

சட்டத்தைத் தொழிலாகப் பார்க்கிற முறையில் எழுதுகிறேன்.

"தொல்லை" என்ற சொல் நம் மாநிலச் சட்டத்தில் ஒரே இடத்தில் உண்மையாகவே இருக்கிறது: 1949-ம் வருடத்துத் தொல்லை வழக்குகள் தடுப்புச் சட்டம். காரணமே இல்லாமல் பழக்கமாக வழக்குத் தொடுக்கிறவர் மீது அட்வகேட் ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) உயர் நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும். அவர் தரப்பைக் கேட்ட பிறகுதான் நீதிமன்றம் உத்தரவிட முடியும். உத்தரவு வந்தால் அவர் அனுமதி பெற்றே வழக்குத் தொடுக்க முடியும். சென்னைக்குள் உயர் நீதிமன்றத்தின் அனுமதி, மற்ற இடங்களில் மாவட்ட நீதிபதியின் அனுமதி. இது நீதிமன்ற வழக்குகளுக்கு மட்டும் பொருந்தும். ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவுக்கும் ஆர்டிஐக்கும் இதில் இடமில்லை. எந்த அலுவலரும் தன் மேசையிலிருந்து ஒருவரைத் தொல்லைக்காரர் என்று அறிவித்துவிட முடியாது.

அவதூறு. 1994-ல் ஆட்டோ சங்கர் வரலாறு தொடர்பாக நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒவ்வொரு கேள்வியாளரும் தெரிந்துகொள்ள வேண்டும். அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்காக நஷ்டஈடு வழக்குப் போட முடியாது. அலுவலர் தனிநபராகப் போட்டாலும், அவருடைய அலுவலகப் பணி தொடர்பாக எழுதியதென்றால், பொய் என்று தெரிந்தோ உண்மையைச் சற்றும் பொருட்படுத்தாமலோ எழுதியதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். நீங்கள் நியாயமாகச் சரிபார்த்துவிட்டு எழுதினீர்கள் என்று காட்டினால் போதும். ஆர்டிஐ பதில் கையில் இருந்தால் அந்தச் சரிபார்ப்பு தானாகவே காட்டப்பட்டுவிடும்.

குற்றவியல் அவதூறு வேறு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. தண்டனை இரண்டு வருடம் வரை. 2016-ல் உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்று சொல்லிவிட்டதால் ரத்தாகிவிட்டது என்ற நினைப்பில் இருக்க வேண்டாம். விலக்குகளில்தான் பாதுகாப்பு. பொது ஊழியரின் பணி நடத்தை பற்றி நல்லெண்ணத்துடன் கருத்துச் சொல்வது இரண்டாம் விலக்கு. அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்துடன் புகார் கொடுப்பது எட்டாம் விலக்கு. வாட்ஸ்அப் கேள்விக்குப் பதில் இந்த எட்டாம் விலக்கில் இருக்கிறது. ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவுக்கு அது குடை பிடிக்கும். அதே மனுவை 250 பேர் இருக்கிற குழுவில் போட்டால் அந்தக் குடைக்கு வெளியே வந்துவிடுகிறீர்கள். குழுவில் போட விரும்பினால் ஆவணத்தைப் போடுங்கள்: "மதிப்பீடு 15 செ.மீ., அளவுப் புத்தகம் 15 செ.மீ., சோதனை அறிக்கை 10 செ.மீ." என்று. "திருடன்", "கொள்ளையடித்தான்" என்ற சொல் ஒன்று சேர்ந்தாலே எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை சுலபம். அலுவலரின் குடும்பம், சாதி, சொந்த வாழ்க்கை பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம். அது தவறு, சட்டப்படியும் தற்காப்பே கிடையாது.

அரசுப் பதவியில் உள்ளவருக்காக அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் நீதிமன்றத்தில் அவதூறுப் புகார் தரும் வழி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பத்திரிகைகள் மீது அதிகமாகவே பயன்படுத்தினார்கள். 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரிகையாளர் என். ராம் உள்ளிட்டவர்கள் மீதான இத்தகைய வழக்குகளை ரத்து செய்தபோது, அரசு வழக்கறிஞர் தபால்காரரைப் போல நடந்துகொள்ளக் கூடாது, தானே பரிசீலிக்க வேண்டும் என்ற அடிப்படையில்தான் சொன்னது.

பணியைத் தடுத்த வழக்கு. இங்கே இரண்டு பிரிவுகளைப் பிரித்துப் பாருங்கள். 221 (பழைய 186) வெறும் இடையூறு. இதில் அந்த அலுவலர் எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுக்காமல் நீதிமன்றம் ஏற்க முடியாது. 132 (பழைய 353) தாக்குதல் அல்லது வன்முறை. ஜாமீனில் வர முடியாத பிரிவு. அலுவலகத்தில் சத்தம் போட்டதைக்கூட மேசையைத் தள்ளினார் என்று எழுதினால் 132 ஆகிவிடும். கூடவே 296(பி) கெட்ட வார்த்தை, 351 மிரட்டல். இந்த மூன்றும் சேர்ந்துதான் பெரும்பாலும் வரும். தடுக்க எளிய வழிகள்: தனியாகப் போகாதீர்கள், அறைக்குள் போகாமல் தபால் பிரிவிலேயே மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், ஒப்புகை தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், வெளியே வந்து விரைவு அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பதிவுத் தபால் 2025-ல் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது, பட்டுவாடா ஒப்புகையைச் சேர்த்துக் கேளுங்கள்.

வழக்குப் பதிவாகிவிட்டால்: முதல் தகவல் அறிக்கை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைத் தளத்தில் ஏற்றப்பட வேண்டும் என்பது 2016 உச்ச நீதிமன்ற உத்தரவு. பிரிவுகளைப் பார்த்துவிட்டு, 132 இருந்தால் அன்றே முன்ஜாமீனுக்கு (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 482) ஏற்பாடு செய்யுங்கள். ஏழு வருடத்துக்கு உட்பட்ட தண்டனைப் பிரிவுகளில் கைதுக்குப் பதில் 35(3) அறிவிப்புத் தரலாம். அந்த அறிவிப்பு வந்தால் கட்டாயம் ஆஜராக வேண்டும், ஆஜராகாததையே கைதுக்குக் காரணமாக்கிவிடுவார்கள். அடிப்படையே இல்லாத வழக்கு என்றால் 528-ல் ரத்து மனு. அதற்கு அந்த நாள், அந்த நேரத்தின் சிசிடிவி பதிவு பெரிய உதவி. அலுவலகப் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால் "இந்தத் தேதியின் பதிவைப் பாதுகாக்கவும்" என்று உடனே எழுதிக் கொடுங்கள்.

பொதுநல வழக்கு கடைசிப் படி. மனு கொடுத்து, காத்திருந்து, பதில் இல்லை என்று காட்டாமல் ரிட் (உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போட்டால் நிற்காது. மனு நிலுவையில் இருக்கிறது என்று மட்டும் காட்டினால் "மனுதாரரின் மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலிக்கவும்" என்ற உத்தரவு வரும். பரிசீலித்து நிராகரித்தாலும் உத்தரவை நிறைவேற்றியதாக ஆகிவிடும். எனவே ஆர்டிஐ ஆவணங்களை முன்னரே சேர்த்து, எந்த விதி மீறப்பட்டது, என்ன செய்ய வேண்டும் என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். சொந்த நலன் இல்லை என்று பிரமாணம் செய்ய வேண்டியிருப்பதால், அந்த ஒப்பந்ததாரரோடு உங்களுக்கு நிலத் தகராறோ கொடுக்கல் வாங்கலோ இருந்தால் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் வழக்குச் செலவையும் உங்கள் தலையில் கட்டுவார்கள்.

இந்த வழியில் நம் கண்முன் இருந்த பெரிய உதாரணம் டிராஃபிக் ராமசாமி. வழக்கறிஞராக இல்லாமலேயே தானே வாதாடி, விதிமீறிய பேனர்களையும் சென்னையின் மோட்டார் மீன்பாடி வண்டிகளையும் எதிர்த்து நின்றவர். 2021 மே மாதம் 87 வயதில் இறந்தார். அவர் பெற்ற உத்தரவுகளில் கற்க வேண்டியது ஒன்று உண்டு. பேனர்களுக்கு எதிரான உத்தரவுகள் வந்தும் அவை முளைத்துக்கொண்டே இருந்தன. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிர் போனது. உத்தரவு வாங்குவதோடு வேலை முடிவதில்லை. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு மனு போட வேண்டும், அதற்கு ஒரு வருடக் காலவரம்பு இருக்கிறது. உத்தரவு நகல் கிடைத்த அன்றே நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

---

புதுவயல்

எல்லோரும் தாளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உயிரைப் பற்றியும் எழுத வேண்டும்.

2010-ல் அகமதாபாத்தில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே அமித் ஜெத்வா சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டவிரோதச் சுரங்கத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர். 2025 ஜனவரியில் நம் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம் கல்குவாரி முறைகேடுகளுக்கு எதிராக மனு கொடுத்துவந்த ஜகபர் அலியை லாரி ஏற்றிக் கொன்றார்கள். சாலைப் பணியையோ தெருவிளக்கையோ கேட்பதும் கல், மணல், ஏரி மண்ணைக் கேட்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் கேட்பவருடைய பெயர் அலுவலகத்திலிருந்து எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது.

கனிமம் சம்பந்தப்பட்டதென்றால் வீட்டு முகவரி கொடுக்காதீர்கள். ஆர்டிஐக்குத் தபால் பெட்டி எண் போதும் என்று 2013-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, மத்தியப் பணியாளர் துறையும் 2014-ல் அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. ஒரே ஆவணத்தை வெவ்வேறு ஊர்களில் இருக்கும் மூன்று நான்கு பேர் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவரை நிறுத்தினாலும் கேள்வி நிற்காது என்று தெரிந்தால் ஆபத்து குறையும். கிடைத்த ஆவணத்தை ஒருவர் வீட்டில் மட்டும் வைக்காமல் அன்றே பலரிடம் பிரதி போய்ச் சேர வேண்டும்.

மிரட்டல் வந்தால் வாய்மொழியாகக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி, நேரம், வண்டி எண், அழைத்த எண்ணோடு எழுத்தில் கொடுத்து மனு ரசீது வாங்கி, நகலைக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். வழக்கில் சாட்சியாக இருப்பவர்களுக்கு 2018 சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் உண்டு. மாவட்டத்தின் உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்தால் காவல்துறைத் துணைக் கண்காணிப்பாளர் அளவிலான அலுவலர் 5 வேலை நாளில் அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும். பாதுகாப்பு ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரை, பிறகு நீட்டிக்கலாம். வழக்கே பதிவாகாத நிலையில் வெறும் மனுதாரருக்கு இந்தத் திட்டம் கிடைப்பது கடினம். இந்த ஓட்டையில்தான் பலர் விழுகிறார்கள். ஆகவே மிரட்டல் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும் வரை விடாதீர்கள். நிலையத்தில் மறுத்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)-ன்படி கண்காணிப்பாளருக்குத் தபாலில், அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம்.

கோப்புத்தேடி, ஊராட்சிக்கணக்கு இருவருக்கும் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன சாலை மனுவின் மாதிரியை அப்படியே நிரப்பிக்கொள்ளும்படி ஒரு பக்கத்தில் இங்கே போட்டுவிடுங்கள். அடுத்த கிராம சபைக்கு முன் எடுத்துக்கொள்வார்கள்.

---

கோப்புத்தேடி

போட்டுவிடலாம். புள்ளியிட்ட இடத்தை மட்டும் நிரப்புங்கள்.

அனுப்புநர்: (பெயர், தபால் முகவரி). பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்) அலுவலகம், ........ ஊராட்சி ஒன்றியம். பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் தகவல் கோருதல்.

........ ஊராட்சி, ........ தெருவில் ........ நிதியாண்டில் ........ நிதியிலிருந்து செய்யப்பட்ட ........ பணி தொடர்பான நிர்வாக அனுமதி ஆணை, தொழில்நுட்ப அனுமதியுடன் கூடிய மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், பட்டியல் மற்றும் வவுச்சர், தரப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை நேரில் ஆய்வு செய்ய நாளும் நேரமும் தெரிவிக்கவும். ஆய்வுக்குப் பின் நான் குறிப்பிடும் பக்கங்களின் சான்றிட்ட நகல்களை வழங்கவும். இவற்றில் ஏதேனும் தங்கள் அலுவலகத்தில் இல்லையெனில் எந்த ஆவணம் இல்லை என்பதை எண்ணிட்டுத் தெரிவிக்கவும். வேறு பொது அதிகார அமைப்பிடம் இருப்பின் பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் மாற்றி அனுப்பவும். கட்டணம் 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டப்பட்டுள்ளது. நான் இந்தியக் குடிமகன் / குடிமகள்.

இடம், நாள், கையெழுத்து. அனுப்பும் முன் முழுப் பக்கத்தையும் வில்லையோடு படம் எடுத்து வையுங்கள். வில்லையே ஒட்டவில்லை என்று திரும்பி வந்த மனுக்கள் உண்டு.